நிறத்துக்கு இருபது மார்க்

"நிறத்தைப் பார்க்கத் தெரிஞ்சவங்க இந்த உலகத்துல மூணே பேரு. அதுல ரெண்டு பேரு தவறிட்டாங்க."

செடி வளர்க்கும் சின்ன மீன்தொட்டிகளுக்கான போட்டியில், நடுவர் இதை மைக்கில் சொன்னபோது சிரிக்கவில்லை. அதனால் அரங்கமும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் மட்டும், போன இருவருக்காக லேசாகத் தலை குனிந்தார்.

"நிறத்துக்கு மட்டும் இருபது மார்க். சில நடுவருங்க பக்கத்துல இருக்கிறவங்களக் கேட்டுக் கேட்டு மார்க் போடுவாங்க. பரீட்சையில எட்டிப் பார்த்து எழுதுறவனுக்கும் அவங்களுக்கும் என்ன வித்தியாசம்? நான் யாரையும் கேக்க மாட்டேன்."

மைக்கை வைத்துவிட்டு முதல் மேசைக்கு நடந்தார். ஏழாவது மேசையில் கணவரோடு நின்ற நூலகர், தம் தொட்டியின் கண்ணாடியை இன்னொரு முறை துடைத்தார்.

அவருடைய ஓரடித் தொட்டி நூலகத்தின் வாசிப்பறையில் இருப்பது. "பரிசோட திரும்பி வந்தா தொட்டி இருக்கட்டும். இல்லேன்னா அந்த பிளக் பாயின்ட்ல ஜெராக்ஸ் மெஷின் வந்துரும்" என்று மேலதிகாரி நேற்றே தீர்ப்பு எழுதிவிட்டார்.

கைவசம் இரண்டு விளக்குகள். தொட்டிமேல் இருந்த வெள்ளை விளக்கில் பச்சைச் செடிகள் பளிச்சென்று நின்றன. ஆனால் நடுவில் இருந்த ஒரே சிவப்புச் செடி துருப்பிடித்த ஆணி மாதிரி தெரிந்தது. மற்றதைப் போட்டால் சிவப்பு பற்றி எரியும். தண்ணீர்தான், பல் டாக்டர் வாய் கொப்பளிக்கக் கொடுக்கும் மருந்து மாதிரி ரோஸாகிவிடும்.

"இதே இருக்கட்டுமா, மாத்தட்டுமா? சட்டுனு சொல்லும்மா" என்றார் கணவர்.

"இருங்க, யோசிக்கிறேன்."

"நம்ம கல்யாணத்துக்கே நீ இவ்வளவு யோசிக்கல."

"அதான் இப்ப யோசிக்கிறேன்."

நடுவர் ஆறாவது மேசைக்கு வந்துவிட்டார். அது ஒரு தையல்காரருடையது. துணிக்கு நூல் பொருத்திப் பொருத்தியே இருபது வருஷம் ஓட்டியவர். அவர் தொட்டியில் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை சிவப்புச் செடிதான். பச்சை என்று பேருக்கு ஒரு கொத்து.

நடுவர் குனிந்தார். நிமிர்ந்தார். "சிவப்பு பத்தல."

"ஐயா... இதுக்கு மேலயா?"

"என் கண்ணுக்குப் பத்தல. இருபதுக்கு நாலு."

தையல்காரர் தொட்டியைப் பார்த்தார், நடுவரைப் பார்த்தார், மறுபடி தொட்டியைப் பார்த்தார். இருபது வருஷத் தொழில் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நூலகர் தம் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை சிவப்புக்கே நாலு என்றால், இந்த ஒற்றைச் செடிக்கு என்ன கிடைக்கும்?

"மாத்துங்க. சீக்கிரம்."

"தண்ணி மருந்து மாதிரி ஆயிடுமே."

"ஆகட்டும். சிவப்பு தெரிஞ்சா போதும்."

கணவர் வெள்ளை விளக்கைக் கழற்றி மற்றதை மாட்டினார். கிளிப் வழுக்கி இரண்டு முறை கழன்றது. மூன்றாம் முறை அது நின்றபோது நடுவரின் நிழல் தொட்டிமேல் விழுந்துவிட்டது.

நல்லவேளை, செடி தணல் மாதிரி சிவந்து நின்றது. நடுவர் மூக்கு தொட்டியில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். இடப்பக்கம் வந்து பார்த்தார். வலப்பக்கம் போய்ப் பார்த்தார். மதிப்பெண் தாளில் 'நிறம்' என்ற கட்டத்துக்கு மேலே பேனா வந்து, எழுதாமல் அந்தரத்தில் நின்றது.

ஒரு நிமிஷம் ஆயிற்று. நூலகரின் மனதுக்குள் ஜெராக்ஸ் மெஷின் பக்கம் பக்கமாகத் துப்ப ஆரம்பித்தது.

நடுவர் மெல்லத் திரும்பி அரங்கை ஒரு சுற்றுப் பார்த்தார். தையல்காரர் இன்னும் தம் தொட்டியையே வெறித்துக்கொண்டிருந்தார். கணவர் மேசைக்கடியில் வயர் சுருட்டிக்கொண்டிருந்தார். வேறு யாரும் கவனிக்கவில்லை என்று உறுதியானதும், நடுவர் நூலகர் பக்கம் சாய்ந்து, மீனுக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்டார்:

"இதுல சிவப்புச் செடி எதும்மா?"