இனிக்கிற மண்

"ஒண்ணும் தெரியலியே சங்கரி. ஒரே வெளுப்பா இருக்குது," என்றாள் கனகா, மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்தபடி.

ஐந்து மாத வயிறு மேசை விளிம்பில் இடித்தது. சிவசங்கரி தன் அண்ணிக்கு ஸ்டூலைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுக் கொடுத்தாள். பிறகு லென்ஸின் திருகை மெல்ல ஒரு சுற்று சுற்றினாள்.

"யம்மாடி! துடிக்குதுடி!"

முதல் கிண்ணத்து மீன்குஞ்சுகள் அவை, சுத்தத் தண்ணீரில் வளர்ந்தவை. முட்டையிட்டு மூன்றே நாள். அன்று காலையில்தான் முட்டைத்தோலை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தன. வெந்த ஜவ்வரிசி மாதிரி, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிந்தது. இரண்டு கண், நேரான முதுகு, கடுகில் கால்வாசிகூட இல்லாத ஓர் இதயம்.

சிவசங்கரிக்கு இவைதான் எம்.எஸ்ஸி. கடைசி வருஷத்து ஆராய்ச்சி. ஆனால் அண்ணியை வேலைக்கு லீவு போடவைத்து, விருத்தாசலத்து வெயிலில் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் கல்லூரிக்குக் கூட்டிவந்தது வேடிக்கை காட்ட இல்லை.

அண்ணி மண் தின்கிறாள்.

பீங்கான் பட்டறையில் கனகாவுக்கு, சுடாத கோப்பைகளைக் கிளேஸ் கரைசலில் முக்கி எடுக்கிற வேலை. அதுதான் சூளையில் வெந்து பளபளப்பாகும். முக்கிக் காய்ந்த கோப்பையில் கைப்பிடி உடைந்தால் அது சூளைக்குப் போகாது. நேரே கனகாவின் முந்தானை முடிச்சுக்குத்தான் போகும்.

உடம்பில் ரத்தம் எட்டுக்கும் கீழே. சுகாதார நிலையத்தில் கொடுத்த சத்து மாத்திரைகள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் அட்டை அட்டையாகக் கிடக்கின்றன. கேட்டால் குமட்டுகிறதாம். மண் மட்டும் குமட்டாதாம்! சொல்லிச் சொல்லி சிவசங்கரிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அண்ணியின் முடிச்சிலிருந்து ஒரு துண்டை அவளுக்குத் தெரியாமல் எடுத்துவந்து சோதித்துப் பார்த்தாள். மேலே காய்ந்திருந்த கிளேஸில் ஈயம் இருந்தது, வயிற்றுப் பிள்ளையின் மூளையைக் கெடுக்கிற விஷம். அன்றிலிருந்து சிவசங்கரிக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது கிண்ணத்தை வைத்தாள். அண்ணி தின்கிற மண்ணில் இருக்கும் அதே ஈயம் கலந்த தண்ணீர் என்று சொன்னாள். ஆனால் தாய்மீன்களுக்கு நல்ல தீனி போட்டிருந்தாள். ஒன்றிரண்டு குஞ்சுகள் செத்துக் கிடந்தன, சில சோம்பிக் கிடந்தன. மற்றவை எப்படியோ தேறிவிட்டன.

"அப்ப மாத்திரையையும் முழுங்கிக்கறேன், மண்ணையும் தின்னுக்கறேன். சரியாப் போச்சா?"

கனகாவிடம் பேசி ஜெயித்தவர் அந்த வீட்டில் யாருமில்லை. சிவசங்கரி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே மூன்றாவது கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள்.

இதிலும் அதே ஈயத் தண்ணீர்தான். தாய்மீன்களுக்கு மட்டும் சத்தில்லாத தீனி. சத்து இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தால், ஈயம் வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்ளும் என்று அண்ணிக்குப் புரிகிறாற்போல் சொன்னாள்.

கனகா குனிந்தாள்.

பாதிக் குஞ்சுகள் முட்டையைவிட்டு வெளியே வரவே தெரியாமல் உள்ளேயே கிடந்தன. வந்தவற்றின் முதுகு கருக்கரிவாள்போல் வளைந்திருந்தது. இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தது. துடிப்பு மட்டும் நிற்கவில்லை.

கனகா வெகுநேரம் நிமிரவே இல்லை. பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, அதிலிருந்த இரண்டு துண்டுகளையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அப்பாடா! சிவசங்கரிக்குக் கண் நிறைந்துவிட்டது. பழமலைநாதா, இந்தப் பிள்ளை பிழைத்தது.

"சங்கரி, வெண்பா வயித்துல இருந்தப்ப?"

வெண்பா மூத்தவள். ஐந்து வயது முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச வரவில்லை. அவள் அப்பா அறிவழகன் தூக்கிக்கொண்டு போகாத டாக்டர் இல்லை, வேண்டாத சாமி இல்லை. யார் செய்த பாவமோ என்று வாரத்துக்கு ஒருமுறையாவது வாய்விட்டுக் கேட்பான். மண்ணால்தான் அப்படி ஆனது என்று எந்த மைக்ராஸ்கோப்பும் சொல்லாது. இல்லை என்றும் சொல்லாது.

சிவசங்கரி மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தாள்.

அப்போது கனகா பட்டறை வேலைக்குப் போனதில்லை. புது மருமகள், தனியாக வாசல் தாண்டமாட்டாள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த நாத்தனார்தான் சாயங்காலம் ஸ்கூல் விட்டு வரும் வழியில், பட்டறைக்கு வெளியே கொட்டிக் கிடக்கும் உடைசலில் பொறுக்கி, ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டு எடுத்து வருவாள். மசக்கைக்காரி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று ஊரே சொல்லும். பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்றுதான் கொண்டுவந்தாள். அதிலும் கிளேஸ் முக்கிய துண்டாகத் தேடித் தேடி எடுப்பாள். அதுதான் கொஞ்சம் இனிக்கிறது என்று அண்ணி சொல்லியிருந்தாள்.

ஈயம் இனிக்கும் என்று படித்த நாளிலிருந்து சிவசங்கரி இதை யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நான்தான்…"

கனகா எட்டி அவள் வாயைப் பொத்தினாள்.

"வூட்டுல மூச்சு வுடாத. உங்கண்ணன் என்னைக்காவது கேட்டாங்கன்னா, நானேதான் போயி பொறுக்கித் தின்னேன்னு சொல்லிடறேன்."