மூன்று நாள் தண்ணீர் கிடையாது

“ஏய், இங்க வா! இது என்ன?”

முதலாளி விரித்துப் பிடித்த கட்டட வரைபடத்தில், சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த சுவரைக் காணோம். மை கரைந்து போயிருந்தது.

துடைப்பத்தோடு வந்து நின்ற பளிச் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் துடைத்த மேசையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அதனால்தான் அலுவலகமே அவளை அப்படிக் கூப்பிட்டது.

“இந்த வாரத்துல இது மூணாவது. மேசைல தண்ணியைச் சிந்திட்டு அப்படியே போயிடறே. நாளைலேர்ந்து வர வேண்டாம்.”

“ஐயா, பொண்ணைக் காலேஜ்ல சேர்த்து ஒரு மாசம்தான்யா ஆகுது...”

“நான் என்ன உன் பொண்ணையா துடைக்கச் சொன்னேன்?”

வாசலில் போன் எடுக்கும் பெண்ணுக்கு இது காதில் விழுந்ததும் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் முதல் பட்டதாரி அவள். தாவரவியலில் முதல் வகுப்பு. அந்தப் படிப்புக்குக் கிடைத்த வேலை, நாள் முழுக்க “வணக்கம், யார் பேசறீங்க?” என்று கேட்பது. கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

“சார், அது அக்கா சிந்தினது இல்லை. அதோ, அங்கேயிருந்து சொட்டுது.”

போன வாரம்தான் மேசையை ஒட்டி நகர்த்திய அலமாரி மேல் மணிப்பிளாண்ட். அலுவலகம் திறந்த அன்று முதலாளி தன் கையால் வைத்தது. அது வாடினால் தொழிலும் படுத்துவிடும் என்று நம்புகிறவர் அவர். மேசைக்கு மேலே தொங்கிய கொடியில், இலைக்கு ஒரு துளியாக நுனியில் நின்றது.

“என்ன, செடி அழுவுதா?”

“அழலை சார். வேர் அளவுக்கு மேல தண்ணியைக் குடிச்சிட்டா, ராத்திரில அது ஆவியாப் போக வழி இருக்காது. இலை ஓரத்துல இருக்கற சின்னத் துவாரம் வழியா வெளிய தள்ளிடும். விடிஞ்சு பார்த்தா துளித் துளியா நிக்கும்.”

“போன் எடுக்கறவங்க பாடம் நடத்த ஆரம்பிச்சாச்சா?”

“பாடம் நடத்தத்தான் சார் படிச்சேன். போன் எடுக்கச் சொன்னது நீங்கதான்.”

வெளியே வரைந்துகொண்டிருந்தவர்கள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

“சரி. நிரூபி பார்ப்போம்.”

“மூணு நாள் செடிக்குத் தண்ணி கிடையாது. சொட்டறது தானா நின்னுடும். நிக்கலைன்னா அக்காவோட நானும் கிளம்பறேன்.”

பளிச் அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. “வேணாம்மா, நான் போயிக்கறேன். நீ எதுக்கு நடுவுல...”

“நீங்க சும்மா இருங்கக்கா. பயந்து பயந்துதான் நாம இந்த நிலைமைல இருக்கோம்.”

மறுநாள் காலையிலேயே இலைகளில் ஈரமே இல்லை. பாடப் புத்தகத்தில் இருந்ததைவிட வேகம். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் முதலாளி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொடி முழுக்கத் தேடினார். பேருக்குக்கூட ஒரு துளி இல்லை.

“ம்” என்றார். பளிச் அக்காவைப் பார்த்து, “போ, போய் வேலையைப் பாரு” என்றார். அவர் அகராதியில் மன்னிப்பு அதுதான்.

போன் எடுக்கும் பெண்ணிடம் திரும்பினார். “படிப்பு வீண் போகலை. இன்னிலேர்ந்து செடி உன் பொறுப்பு. அடுத்த வருஷத்துக்குள்ள கொடி ஜன்னலைத் தொடணும், தெரியுதா?”

காபி போடும் அறையில் பளிச் அக்கா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

“என் வேலையைக் காப்பாத்திட்டே கண்ணு.”

“நான் இல்லைக்கா, அறிவியல்.”

“அதைத்தான் உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை...” அக்கா கதவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “இலை ஈரமா இருந்தாத்தான் நான் கவனிச்சேன்னு ஐயா நம்புவாரு. அதனால தினம் காலைல இலை மேல தண்ணி தெளிச்சது நான்தான். மூணு நாள் கூடாதுன்னு நீ சொன்னதும் நிறுத்திட்டேன்.”

அவளுக்குள் இருந்த தாவரவியல் விழித்துக்கொண்டது.

“ஏன்க்கா, தண்ணியை வேருக்குத்தானே ஊத்தணும்?”

“வேர்னு ஒண்ணு இருந்தாத்தானே கண்ணு! பழைய செடியை ஐயாவே மிச்சக் காபியை ஊத்தி ஊத்திச் சாகடிச்சிட்டாரு. பழி என் தலைல விழுமேன்னு, போன வருஷமே பிளாஸ்டிக்குல ஒண்ணு வாங்கிச் சொருகிட்டேன்.”