பதின்மூன்று நொடிக்குள்

பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைக் கொண்டு, வீட்டு ஷெட்டிலேயே ஏழு வருடம் பாடுபட்டுக் கட்டிய காரை ட்ரெவர் முதன்முறையாக டிராக் ரேஸ் எனும் நேர்கோட்டு வேகப் பந்தயத்துக்குக் கொண்டுவந்திருந்தார். கால் மைலைப் பதின்மூன்று நொடிக்குள் கடக்காவிட்டால், வீட்டில் கார் கட்டுவோர் சங்கத் தலைவர் பதவியைத் துறப்பதாக அறிக்கை வேறு விட்டிருந்தார்.

“பதினாலு நொடி ஆனா குடியா முழுகிடும்?” என்றாள் மனைவி க்ளெனிஸ்.

“வரலாறு என்னை மன்னிக்காது, க்ளெனிஸ்!”

பச்சை விளக்கு எரிந்தது. கார் சீறிப் பாய்ந்தது. ஹெல்மெட்டுக்குள் ட்ரெவர் குழந்தைபோலக் கூவினார். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று துள்ளியது. சிலர் தொப்பியைக் கழற்றி வீசினார்கள்.

பன்னிரண்டு புள்ளி ஒன்பது!

ட்ரெவர் காரில் உட்கார்ந்தபடியே இருபுறமும் கையசைத்தார். நேரச் சீட்டைக் கொண்டுவந்த பந்தய மேற்பார்வையாளர் மேக்ஸின், சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள்.

“வாழ்த்துகள் தலைவரே! ஆனா அடுத்த ஆளு கிளம்பணும். புறப்பட்ட இடத்துலயே கிடக்குற உங்க காரோட பின்பாதியைக் கொஞ்சம் வந்து எடுத்துக்கிறீங்களா?”

ட்ரெவர் திரும்பிப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் மேல்கூடு இல்லாமல் என்ஜினும் இரண்டு சக்கரங்களும் மட்டும் அம்மணமாக நின்றன.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எடைக் குறைப்பும்மா. எல்லாம் திட்டமிட்டதுதான். அடுத்த ஓட்டத்துக்குக் கதவு ரெண்டையும் கழட்டிடப் போறேன்.”