மாப்பிள்ளைக்குத் தீனி

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இதைச் சத்தம் போட்டுச் சொல்ல முடியாது. கண் தெரியாத மனுஷனை ஒருத்தி ஏமாற்றின கதை.

அந்த வீட்டுப் பெரியவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு கண்ணில் முன்னமே பார்வை கிடையாது. இருந்த ஒரு கண்ணிலும் ஆபரேஷன் செய்து, கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

வந்ததும் தடவிக்கொண்டே தோட்டத்துப் பக்கம் ஒரு நடை போய் வந்து, மீன் தொட்டி முன்னால் நாற்காலியைப் போடச் சொன்னார்.

"மாப்பிள்ளை சௌக்கியமா?"

மாப்பிள்ளை என்பது விரல் நீளச் சிவப்பு மீன். வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டு விறைப்பாகச் சுற்றி வருவதைத் தவிர வேறு வேலை இல்லை என்று அவர் வைத்த பெயர். அவருடைய மகளுக்கு மட்டும் அந்தப் பெயர் பிடிக்காது.

"நல்லா இருக்கான் மாமா" என்றாள் மருமகள்.

தொட்டியில் வெறும் தண்ணீர்தான் இருந்தது.

முந்தின நாள் தீனி போட மூடியைத் திறந்தாள். அடுப்பில் பால் பொங்கியது, ஓடினாள். திரும்பி வந்தால் மீனைக் காணோம். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், திரைச்சீலை மடிப்பில் என்று தேடாத இடமில்லை. குதித்தது போன இடம் தெரியவில்லை.

பெரியவர் ஒரு சிட்டிகை தீனியைத் தொட்டியில் போட்டார். இவள் சுண்டு விரலால் தண்ணீரைத் தட்டினாள். 'ப்ளக், ப்ளக்'.

"நல்ல பசி போல. ரெண்டு தரம் துள்றானே!"

"ஆமா மாமா."

அவர் முகத்தைத் திருப்பினதும், மிதந்த தீனியை டீ வடிகட்டியால் அள்ளினாள்.

அன்றிலிருந்து தினமும் இப்படியே நடந்தது.

கட்டு அவிழ்ப்பதற்கு முதல் நாள் மகள் வந்தாள். வாசலில் நின்று இந்தக் கூத்தை முழுசாகப் பார்த்தாள். மருமகளைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"என்ன துணிச்சல் உனக்கு! வெறும் தொட்டிக்குத் தீனி போட வைக்கிறியே, எங்கப்பா என்ன கோமாளியா?"

"மெதுவா அண்ணி. அவர் அழவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இருக்கிறது அந்த ஒரு கண்ணுதான். கட்டு அவிழ்த்ததும் நானே சொல்லி..."

"நீ சொல்ல வேண்டாம், நான் சொல்றேன். ஒரு மூடியை மூடத் துப்பில்லாதவ எங்கப்பாவை என்னத்தைப் பார்த்துப்பே? நாளைக்குக் கட்டு அவிழட்டும், கையோட எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

 மருமகளின் புருஷன் வேலை வேலை என்று பாதி நாள் வெளியூரில். அந்த வீட்டில் அவளை வாய் நிறைய 'அம்மா' என்று கூப்பிடுகிற ஒரே ஆள் மாமனார்தான்.

மறுநாள் காலை, வெறும் தொட்டியானாலும் மூடியை அழுத்தி மூடிவிட்டுத்தான் அவள் கிளம்பினாள். மூன்று பேரும் கேட் வரைக்கும் போனார்கள். பெரியவர் நின்றார்.

"கைக்குட்டையை மறந்துட்டேன்."

"நான் எடுத்துட்டு வரேன் மாமா."

"ஊரெல்லாம் பஸ் ஓட்டினவன், என் வீட்டுக்குள்ள எனக்கு வழி தெரியாதா?"

சுவரைத் தடவிக்கொண்டே போய்த் திரும்பி வந்தார்.

ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்தார்கள். பார்வை பளிச்சென்று இருந்தது. "இனிமே கவலையில்லை. அழறதானாலும் தாராளமா அழுங்க" என்று டாக்டர் சிரித்தார். மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போய் வச்சுக்கறேன் என்கிற மாதிரி நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் தொண்டையைக் கனைத்தாள்.

"அப்பா, உங்ககிட்ட ஒரு விஷயம்..."

பெரியவர் அதற்குள் தொட்டிக்குக் கிட்டே போய்விட்டார்.

"அட கடவுளே! மூடி திறந்து கிடக்கே! கைக்குட்டையை எடுக்கறப்ப, மாப்பிள்ளைக்கு ஒரு வாய் போட்டுட்டுப் போவோம்னு திறந்தேன். மூட மறந்துட்டேன் போல. குதிச்சுட்டானே!"

"இல்லப்பா, அது வந்து..."

"நீ எனக்குப் பரிஞ்சுக்கிட்டு வராதே. தப்பு என்னோடது. ஒரு மூடியை மூடத் துப்பில்லாதவன் நான். என்னை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, கேஸைத் திறந்து விட்டுட்டுத் தூங்கிடுவேன். நான் இங்கேயே கிடக்கறேன். நீ போய் முகத்தைக் கழுவிட்டு வா, வெயில்ல வந்திருக்கே."

மகள் ஒன்றும் புரியாமல் உள்ளே போனாள்.

மருமகள் பக்கத்தில் வந்தாள். 

"மாமா... உங்களுக்கு எப்ப தெரியும்?"

"வந்த அன்னிக்கே. செருப்பைக் கழற்றி வைக்கறப்ப, தொட்டிக்குக் கீழ இருந்த என் பழைய ஷூல கை பட்டது. உள்ளே மாப்பிள்ளை படுத்திருந்தான். தடவித் தடவிப் போய் ரோஜாச் செடிக்கு அடியில புதைச்சிட்டு வந்துதான் நாற்காலி போடச் சொன்னேன்."

"அப்ப இத்தனை நாளும்..."

"நீ பாவம், விரல் வலிக்க வலிக்கத் துள்றே. ரசிக்க ஒரு ஆளாவது வேண்டாமா?"

அவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"டாக்டர் அழச் சொன்னது என்னையம்மா, உன்னை இல்லை."

உள்ளேயிருந்து மகளின் காலடிச் சத்தம் கேட்டது. பெரியவர் தொட்டி மூடியைக் கையில் எடுத்தார். குரலை உயர்த்தினார்.

"நாளைக்குப் புதுசா ஒருத்தன் வரான். இனிமே என்னை நம்ப முடியாது. இந்தாம்மா, நீயே பார்த்துக்கோ" என்று, மகள் பார்க்கப் பார்க்க, அதை மருமகள் கையில் கொடுத்தார்.