சார்ஜர் வரிசை

பூவரசன் திண்டிவனம் பைபாஸ் ஓட்டலுக்குள் தன் மின்சாரக் காரைத் திருப்பியபோது, சார்ஜருக்கு முன்னால் ஏற்கெனவே இரண்டு கார்கள் நின்றிருந்தன.

சார்ஜரில் இருந்த இரண்டு சார்ஜிங் கன்களில் ஒன்றைப் பிளாஸ்டிக் கவரால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். மழைத் தண்ணீர் இறங்கிவிட்டதாம்.

புயல் அடித்த நாளிலிருந்து அவன் ஊரான பிரம்மதேசத்தில் கரண்டு இல்லை. கம்பங்கள் வயலில் சாய்ந்து கிடந்தன. சுற்றுவட்டாரத்தில் வேலை செய்த சார்ஜர் இது ஒன்றுதான்.

அவன் காரில் பேட்டரி அளவு சிவப்பாக மின்னியது.

சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது ஒரு சென்னைக் குடும்பத்தின் கார். விழுப்புரத்தில் மகனுக்கு நிச்சயதார்த்தம். பின் சீட்டு முழுக்கச் சீர்த்தட்டுகள். அடுத்து நின்றது வாடகைக் கார். அதை ஓட்டி வந்த ஆரோக்கியசெல்வி கதவில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

பூவரசன் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவன். சென்னைக் குடும்பத் தலைவர் பக்கத்தில் போய் நின்றான். வாய் திறந்ததும் எல்லாம் ஒன்றாகக் கொட்டியது.

"ஊர்ல ஒருத்தரு ஆக்சிஜன் மிஷின்லதான் மூச்சு வுட்டுக்கினு இருக்காருங்க. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு ஒரே பிடிவாதம். இந்தக் கார்லேர்ந்து ஒயர் இழுத்துத்தான் மிஷினை ஓட்டிக்கினு இருக்கேன். இப்ப சின்ன சிலிண்டரை மாட்டிட்டு வந்திருக்கேன். அது தீர்றதுக்குள்ள போயாவணும்."

சென்னைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மொதல்ல கழட்டுங்க" என்றது காருக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல்.

அவர் கழற்றினார். "விழுப்புரம் வரைக்கும் இது தாங்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆரோக்கியசெல்வி அதற்குள் டீயைக் கீழே வைத்துவிட்டுத் தன் காரைப் பின்னால் எடுத்து வழிவிட்டிருந்தாள். புதுச்சேரியில் காத்திருந்த சவாரிக்குப் போன் போட்டு, வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

நோயாளி யார், என்ன உறவு என்று ஒருவரும் கேட்கவில்லை.

கன்னை மாட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது. பூவரசனுக்குக் கும்பிடத்தான் தெரிந்தது. கும்பிட்டான்.

சென்னைக் கார் புறப்படும்போது அந்த அம்மா கண்ணாடியை இறக்கி, சீர்த்தட்டிலிருந்து இரண்டு ஆரஞ்சுப் பழங்களை எடுத்து அவன் கையில் வைத்தார். "அவருக்குக் குடுங்க."

இனிமேல் சமாளிக்கலாம் என்ற அளவுக்குச் சார்ஜ் ஏறியதும் அவன் கன்னைக் கழற்றி ஆரோக்கியசெல்வியிடம் நீட்டினான். நன்றி என்ற சொல் அவனுக்குப் போதவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஜல்தியா கெளம்புண்ணே" என்றாள். பிறகுதான் கேட்டாள்: "உங்க அப்பாவாண்ணே?"

"இல்லம்மா, பக்கத்து வூட்டுக்காரரு. வேலித் தகராறுல எம்மேல கேஸு போட்டு வருஷக்கணக்கா நடத்திக்கினு இருக்காரு."

காரில் ஏறிக் கதவைச் சாத்தினான்.

"அடுத்த வாய்தாவுக்கு அவரு வரணும்மா."