மந்திரவாதிக்குத் தெரியாதது

தொடர்கதையின் கடைசி வரியை மாமனாருக்கு வாசித்துக் காட்டிவிட்டு, பத்திரிகையைத் தூக்கிப் போட்டாள் காசியம்மாள். மந்திரவாதி போருக்கு அனுப்பிவைத்த இளவரசன் செத்துப்போனான்.

“சாவான்னு தெரிஞ்சேதான் அனுப்பியிருக்காருங்க மாமா.”

“அவருக்குத் தெரியாது கண்ணு,” என்றார் ஆண்டி.

“முக்காலமும் தெரிஞ்ச கிழவருங்க அவரு. போன வாரம் நீங்களே மெச்சிக்கிட்டீங்க.”

“தெரிஞ்சிருந்தா அனுப்புவாரா?”

“பின்ன எத நம்பி அனுப்புனாராம்?”

ஆண்டி தலையைக் குனிந்துகொண்டார். “முனியப்பன் கோயில்ல பூக்கட்டிக் கேட்டேன். போகட்டும்னு வெள்ளப் பூதான் வந்துச்சு.”

பர்மாச் சண்டையில் மகன் இறந்த செய்தி வந்ததிலிருந்து அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. காசியம்மாள் தாலியில்லாத கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“உங்களச் சொல்லலீங்க மாமா. கதையத்தான் சொன்னேன்.”