அஞ்சுக்கு ஒண்ணு

தியேட்டர் இழுப்பறையில் இரண்டு த்ரீடி கண்ணாடிகள், ஒரு விண்வெளிப் படத்தின் நான்காம் பாகத்துக்காகக் காத்துக் கிடந்தன. மூத்தது கருப்பு, இளையது நீலம். பழைய பாகங்களின் வசனமெல்லாம் அதற்கு மனப்பாடம்.

"முதல் நாள் முதல் காட்சி நாமதான்டா," என்று நீலத்திடம் தினமும் சொல்லும்.

படமும் வந்தது. காட்சி முடிந்து திரும்பியதும் கருப்பு பொரிந்து தள்ளியது.

"ஒரே மங்கல். ஒரு கப்பலாவது தெளிவா தெரிஞ்சுதா? மார்க் போட்டா அஞ்சுக்கு ஒண்ணுகூடத் தேறாது."

"எனக்கு நட்சத்திரமெல்லாம் பளிச்சுனு தெரிஞ்சுதே."

"உனக்கு ரசனை இல்லடா."

கண்ணாடிகளைத் துடைக்க வந்த செல்வராணி, கருப்பை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். முழுக்கக் கீறல். அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, நீலத்தை உள்ளே வைத்து இழுப்பறையை மூடினாள்.

கூடைக்குள்ளிருந்து கருப்பின் குரல் நீலத்துக்கு லேசாகக் கேட்டது.

"டேய், அஞ்சாம் பாகம் எப்படா வருதாம்?"